மூட மறுக்கும் டோஸ்டர்

சாண்ட்விச் செய்வதை ஒரு சமையலாகவே நான் ஒப்புக்கொண்டதில்லை. அடுக்கு, அமுக்கு, தின்னு. இதில் என்ன வித்தை என்று வீட்டில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். சில காலம் மும்பையில் வேலை பார்த்த தெனாவெட்டு. அங்கே நடைபாதையில் நின்றபடி தின்றவனுக்குத் தெரியாதா?

தின்றது தெரியும். அந்தக் கடைக்காரரின் கை இன்னும் கண்ணில் இருக்கிறது. பிரெட்டின் மூலைமுடுக்கு விடாமல் வெண்ணெய் தடவி, அதன்மேல் கொத்தமல்லிச் சட்னி. பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம், எல்லாம் கத்திமுனையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மெலிசு. அடுக்குக்கு அடுக்கு ஒரு சிட்டிகை மசாலா. நீளக் கைப்பிடி போட்ட டோஸ்டரில் வைத்துப் பூட்டி, நெருப்பில் புரட்டிப் புரட்டி வாட்டி, துண்டு போட்டு, ஓமப்பொடி தூவி நீட்டுவார்.

நானும் அதே மாதிரி ஒரு டோஸ்டர் வாங்கினேன். ஆனால் கொலஸ்ட்ராலை நினைத்து உள்பக்க வெண்ணெயை வெட்டினேன். (அதே சாண்ட்விச்சில் சீஸ் மூன்று வில்லை வைத்தது வேறு கணக்கு.) அந்த வெண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல, சட்னியின் ஈரம் பிரெட்டில் இறங்காமல் தடுப்பதற்கும்தான் என்பது பிரெட் கொழகொழவென்று ஆனபோது உறைத்தது. போதாததற்கு, வெள்ளரிக்கும் தக்காளிக்கும் முன்கூட்டியே உப்புப் போட்டு ஊறவைத்திருந்தேன். இரண்டும் தண்ணீர் விட்டு, பீட்ரூட் சாயத்தோடு சேர்ந்து, தட்டில் செக்கச்செவேலென்று ஓடின.

"ஏங்க, இது சாண்ட்விச்சா, கூட்டா?" என்றாள் மனைவி.

சும்மா இருந்திருக்கலாம். ஈரம் இருக்கும்வரை பிரெட்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சிவந்து மொறுமொறுப்பாக அதற்கும் மேலே ஏற வேண்டும், இதை 1912-லேயே மையார் என்ற பிரெஞ்சுக்காரர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று விளக்கினேன். மகள் முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்றாள்.

அடுத்து மின்சார டோஸ்டர். விளிம்பை நசுக்கி ஒட்டி, முக்கோணமாக்கித் தரும் வகை. 1974-ல் ஆஸ்திரேலியாவில் பிரெவில் நிறுவனம் விற்கத் தொடங்கிப் புகழ்பெற்ற ஜாதி. விளிம்பு ஒட்ட வேண்டுமென்றால் உள்ளே கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். கொஞ்சமாக வைப்பது என் ரத்தத்தில் இல்லை. உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு அடுக்கி, மூடாத மூடியை முழங்கையால் அழுத்திக் கொக்கி மாட்டினேன். சந்து கிடைத்த பக்கமெல்லாம் சீஸ் வெளியே வந்தது. சிவந்துவிட்டதா என்று அரைவேக்காட்டிலேயே திறந்தேன். மேல் பிரெட் மேல் தகட்டோடு போயிற்று, கீழ் பிரெட் கீழேயே தங்கிவிட்டது. நடுவில் மசாலா மட்டும் ஆவி பறக்க என்னைப் பார்த்தது.

இப்போது வீட்டில் மனைவிதான் சாண்ட்விச் செய்கிறாள், தோசைக்கல்லில். மேலே ஒரு தட்டு, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. அவ்வளவுதான் அவளுடைய இயந்திரம். பிரெட் பொன்னிறமாக வருகிறது. எனக்குச் சட்னி அரைக்கும் வேலை. அதையும் மிக்சியில் நெடுநேரம் ஓடவிட்டுச் சூடாக்கிக் கறுக்கவைத்த பிறகு, ஐஸ் கட்டி போட்டு அரைக்கும்படி உத்தரவு. அதை ஒழுங்காகத்தான் செய்கிறேன். ஆனால் அவள் மேல் பிரெட்டை எடுக்கத் திரும்பும் நேரத்தில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு வில்லையை உள்ளே செருகாமல் என் கை நிற்பதில்லை.