ஆள்காட்டி விரலியல்: வேலூர்க் கோட்டைக் கோயிலை முன்வைத்து ஒரு முன்னாய்வு

கோயிலைச் சுற்றிக் காட்டுதல் என்னும் துறை தொன்மையானது, உலகளாவியது, இதுவரை எவராலும் ஆராயப்படாதது. (எவராலும் ஆராயப்படாதது என்று எழுதாமல் ஆய்வுக் கட்டுரையைத் தொடங்குவது குற்றம்.) எகிப்தில் கர்னாக், லக்சர் கோயில்களைத் தனியாகப் பார்க்கப் போகிறவருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கிடைப்பார். வேலூரில் அந்தப் பணியை யாருடையதோ ஒரு விரல் செய்கிறது. எனவே இவ்வாய்வு ஆளை விட்டுவிட்டு விரலை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஆய்வுக்களம்: 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக்காலத்தில் எழுந்த வேலூர்க் கோட்டையும் அதனுள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலும். ஆய்வுக்காலம்: சி.எம்.சி. மருத்துவமனையில் ரத்தம் கொடுத்ததற்கும் ரிப்போர்ட் வாங்குவதற்கும் இடைப்பட்ட பொழுது.

விரல்கள் நால்வகைப்படும்.

அரசு விரல்: ஆய்வுக்காலத்தில் தென்படவில்லை.

மாமா விரல்: வெளியூர் விருந்தாளியைக் கூட்டிவருவது. “சின்ன வயசுல இங்கதான் கிரிக்கெட் ஆடுவோம்” என்பதற்கு மேல் வரலாறு தராது.

பேராசிரிய விரல்: தூணைக் காட்டாது, தூணைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையைக் காட்டும். அந்தக் கட்டுரை தன் முந்தைய கட்டுரையைக் காட்டும். அதற்கும் முந்தையதைத் தேடிப் போனால் அங்கே ‘அறிஞர்கள் கருதுவர்’ என்று இருக்கும்.

ஆட்டோ விரல்: நால்வகையில் தலையாயது. சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்களின் புண்ணியத்தில் இது தமிழ், இந்தி, வங்காளி ஆகிய மும்மொழியிலும் நீளும். “உள்ள ஒரு யானை கீது சார், அதுவே மாடு சார்” என்று தொடங்கும். கல்யாண மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தின் முன் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரு பாதியை மறைத்து யானையைக் காட்டும், மறுபாதியை மறைத்துக் காளையைக் காட்டும். சிற்பநூலார் இதை ரிஷபகுஞ்சரம் என்று பெயரிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறைத்தால்தான் தெரியும் என்னும் முறையியலை அவர்கள் தம் அடிக்குறிப்புகளில் மட்டுமே கையாள்கிறார்கள்.

அடுத்து எண்ணிக்கைச் சிக்கல். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூருக்கு ஏழு அதிசயம் சொல்வார்கள். 1981 மார்ச் 16 அன்று, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து இக்கோயிலில் மீண்டும் வைத்தார்கள். அன்றே அதிசயம் ஒன்று குறைந்துவிட்டது. விரல்கள் இன்றும் ஏழு என்றே எண்ணுகின்றன. திருத்திய பதிப்பு என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாத நூல்கள் நம்மிடையே இருக்கும்போது, ஆட்டோ ஓட்டுநரை மட்டும் குறைசொல்வது அறமாகாது.

இதே கல்யாண மண்டபத்தைக் கழற்றி லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் திட்டம் போட்டான், வந்த கப்பல் கடலில் மூழ்கியது, அதனால் மண்டபம் தப்பியது என்பது அடுத்த பாடம். பாடபேதம்: கப்பல் வரவே இல்லை. கேட்பவர் நம்பாமல் பார்த்தால் விரல் எகிப்துக்குப் போய்விடும். அஸ்வான் அணைக்காக 1960களில் அபு சிம்பல் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, எண் போட்டு, மேட்டில் மறுபடி அடுக்கினார்களே, அது மட்டும் நடக்கலாமா? இந்த வாதத்துக்கு எம்மிடம் பதில் இல்லை.

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம்: சுரங்கம்.

தமிழ்நாட்டில் சுரங்கமில்லாத கோயில் இருப்பதாக ஆதாரம் கிடைக்கவில்லை. வேலூர்ச் சுரங்கம் கோட்டையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, மதிலுக்குப் பேர்போன விரிஞ்சிபுரம் வரை போகிறது என்பது பெருவழக்கு (காண்க: ஆட்டோ ஓட்டுநர், வாய்மொழி, கிரீன் சர்க்கிள் சிக்னல், சிவப்பு எரிகையில்). தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பாதை அகப்படவில்லை. ஆனால் அகப்படாமைதானே நல்ல சுரங்கத்துக்கு இலக்கணம்?

எதிர்த்தரப்பு வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்துவந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறினார். சுரங்கம் இருந்தால் யாராவது ஒருவர், எந்தப் பக்கத்து ஆளாயினும், பயன்படுத்தியிருக்க மாட்டாரா? 1799க்குப் பின் திப்புவின் பிள்ளைகள் இங்கே காவலில் இருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் சாகும்வரை இங்கேயே சிறைப்பட்டிருந்தார். ஒரு நாளாவது விரிஞ்சிபுரம் போய்த் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பியதாகச் செய்தி இல்லை.

இதற்குச் சுரங்கவாதிகளின் மறுமொழி வலுவானது: சுரங்கம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை, ஏனெனில் அன்று ஆட்டோ இல்லை (கரும்புச்சாறு வண்டிக்காரர், ‘அகழியும் அடியேனும்’, வெளிவராத நூல், பக்க எண் இடப்படவில்லை, இக்கருத்தை அவரே இரண்டாம் பதிப்பில் மறுத்துள்ளார், முதல் பதிப்பு எழுதப்படாத நிலையிலும், அம்மறுப்புக்கு மறுப்பை எதிர்க்கடைச் சுண்டல்காரர் பொட்டலத்தாளின் உட்புறத்தில் எழுதினார், ஆய்வாளர் அதைப் படிப்பதற்குள் எண்ணெய் படிந்துவிட்டது).

சுரங்கத்தின் நீளம் கேட்பவரைப் பொறுத்தது என்பது எம் கண்டுபிடிப்பு. நான்கு மணிக்கு ரிப்போர்ட் வாங்கவேண்டிய கொல்கத்தாக்காரருக்கு அது கோட்டைச் சுவரோடு முடிந்துவிடும். பொன்கோயில் பார்த்துவிட்டு நிதானமாக வருகிறவருக்கு விரிஞ்சிபுரம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரருக்குச் செஞ்சி. அவர் டிப்ஸை யூரோவில் எடுத்தால் சுரங்கத்துக்குள் குதிரையும் ஓடும்.

இந்த வெளிநாட்டுக்காரர் தனியாக ஆராயத்தக்கவர். காலையில் பிரியாணி, மதியம் டேனரி, மாலையில் கோயில் என்று கம்பெனி மேனேஜர் அவரை ஏற்றிவருவார். வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். உலகத்தின் பாதங்களை மூடுவதற்கென்றே வாழும் வட்டாரத்தில் அவர் வெறுங்காலோடு கல்தரையின் சூட்டில் நடனமாடுகையில், விரல் மேலே விதானத்துக் கிளிகளைக் காட்டும். அவர் கீழே பார்ப்பார்.

அப்போது செருப்பு ஸ்டாண்டில் நடப்பதை எந்த ஆய்விதழும் பதிவுசெய்ததில்லை. ஸ்டாண்டுக்காரர் அந்த ஷூவைக் கவிழ்த்தார். சோலை நகத்தால் தட்டினார். நாக்கைத் தூக்கி உள்தையலைப் பார்த்தார். லைனிங்கை முகர்ந்தார். “அப்பர் நம்ம பக்கம் தெச்சது. சோல் வெளிய போட்டது. குதிகால்ல பேஸ்டிங் சரியில்ல, மழை வந்தா வாய் தொறக்கும்” என்றார். தையல் ஓட்டத்தைக் கொண்டு எந்த ஊர் லைனில் தைத்தது என்றும் சொன்னார். சிலையின் இடுப்பு மடிப்பைப் பார்த்து நூற்றாண்டு சொல்கிறவர்கள் ஐம்பது ஆண்டு முன்பின்னாகவாவது ஒதுங்குவார்கள்; இவர் ஒதுங்கவில்லை. ஆதாரம் கேட்டேன். பதினோரு வருஷம் ஸ்டிச்சிங் பார்த்த தன் சம்சாரத்தைச் சொன்னார். பிறகு டோக்கனை என் கையில் வைத்து, “உங்க செருப்பப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க சார்” என்றார்.