முன்னோர் ஆராய்ந்ததை ஏன் படிக்க வேண்டும்?

கே: ஆய்வேட்டில் முந்தைய ஆராய்ச்சிகளைப் பற்றி ஓர் அத்தியாயம் வேண்டும் என்கிறார் என் பேராசிரியர். புதிதாகச் சொல்ல வந்தவனுக்குப் பழைய கதை எதற்கு?

ப: நீங்கள் சொல்வது புதிதுதான் என்பதற்கு அந்த அத்தியாயமே சாட்சி! பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்ட பாரம்பரிய விதிகள் 1866-லேயே அச்சேறியிருக்க, 1900-இல் அவற்றைத் தாமும் சோதனையால் கண்ட காரென்ஸ், மெண்டலின் பெயரைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே பொறித்தார். அதனால் அவர் கீர்த்தி சிறிதும் குன்றவில்லை.

கே: நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதினால் போதாதா?

ப: அது நூலகரின் வேலை. 1747-இல், ஸ்கர்வி நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை அளித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே மிக விரைவில் தேறக் கண்ட ஜேம்ஸ் லிண்ட், 1753-இல் வெளியிட்ட நூலில் தம் சோதனையோடு நின்றுவிடாமல், அந்நோயைப் பற்றி அதுவரை வெளிவந்தவற்றைக் கால வரிசையில் வைத்து விமரிசித்தார். யார், எந்த ஆதாரத்தால், என்ன சொன்னார், யாரோடு முரண்பட்டார், எதை ஆராயாமல் விட்டார் என்று விசாரிப்பதே மதிப்பாய்வு.

கே: இதைச் செய்யாவிட்டால் குடியா முழுகிவிடும்?

ப: உயிரே போய்விடும்! குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்ந்து மூச்சுத் திணறல் குறைகிறது என்று நியூஸிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் பிரசுரித்தார்கள். பின்னர் வேறு சோதனைகளும் நடந்தன. ஆயினும் தனித்தனியே பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தீராமல், அவற்றையெல்லாம் ஒருங்கே திரட்டிச் சீர்தூக்கிய மதிப்பாய்வு 1989-இல் வெளிவரும்வரை, பெரும்பாலான மருத்துவர்கள் அம்மருந்தின் முழுப் பயனை உணரவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய சிசுக்கள் பல அதற்குள் மாண்டுபோயின. இத்தகைய மருத்துவ மதிப்பாய்வுகளைத் தயாரிப்பதற்கென 1993-இல் தோன்றிய காக்ரேன் அமைப்பு, அச்சோதனைகளின் முடிவுகளைக் காட்டும் வரைபடத்தையே தன் சின்னமாகக் கொண்டது.

கே: எவ்வளவு படித்தபின் நிறுத்தலாம்?

ப: புதிதாக எடுக்கும் கட்டுரைகளெல்லாம், நீங்கள் முன்பே படித்தவற்றையே மேற்கோள் காட்டத் தொடங்கும்போது நிறுத்தலாம். ஆனால் உங்கள் அபிப்பிராயத்தை மறுக்கும் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால், அதை ஒதுக்கிவிடாமல் முதலில் படியுங்கள். உங்கள் ஆய்வேட்டைத் திருத்தும் உரிமை, பரீட்சகருக்கு முன்பாக அதற்கு உண்டு.