திருச்சிக்குக் குறுக்கே நிற்கும் அடாப்டர்

கேள்வி: ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிய நாளிலிருந்து இலங்கையின் நெடுந்தீவில் உள்ள வீட்டில் திருச்சி வானொலி கரகரக்கிறதே, ஏன்?

பதில்: ஸ்பீக்கரின் வாயைச் சந்தேகிக்காதீர்கள், வாலைப் பாருங்கள். வைஃபை பேசுவது 2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸில். திருச்சி மத்திய அலையோ 936 கிலோஹேர்ட்ஸ். இவை நேருக்கு நேர் மோத வழியில்லை. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி மாற்றும் மலிவான அடாப்டர்தான் பெரும்பாலும் குற்றவாளி. அந்த வெட்டின் சிதறல்கள் மத்திய அலைக்குள் வந்து விழும். கடல் கடந்து வரும் அலை பலவீனமானது என்பீர்கள். ஆனால் உப்புக் கடல் இந்த அலையை நிலத்தைவிட நன்றாகவே கடத்தும். வானொலியைப் பற்றரியில் போட்டு, அடாப்டரைக் கழற்றிப் பாருங்கள். கரகரப்பு நின்றால் கள்ளன் வீட்டுக்குள்ளேதான். நல்ல அடாப்டர் வாங்குங்கள், அதை வானொலியிலிருந்து தள்ளி வையுங்கள். நிற்காவிட்டால் எல்ஈடி பல்ப், சோலார் இன்வேர்ட்டர் என ஒவ்வொன்றாக அணையுங்கள். வானொலிக்குள் அலையைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டுக்குத் திசை உண்டு. பெட்டியை மெல்லத் திருப்பினாலே இரைச்சல் ஓரளவு அடங்கலாம்.