காகதாலீயர்

வலயக் கல்விப் பணிமனையின் அறிவித்தற் பலகையிலே நியமனப் பட்டியலை ஒட்டிய பசை காய்வதற்கு முன்னரே, தபாற்காரர் தம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும் வேளையிலே, தமது ஸ்கூட்டரை உங்கள் படலையடியில் நிறுத்தி, தலைக்கவசத்தையும் கழற்றாமல், "மாஸ்டர், பிள்ளையின்ரை விஷயத்தை முடிச்சுப்போட்டன்!" என்று கூவுகின்ற அந்தப் பெருமகனை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். அவருடைய நாமதேயத்தை நான் இங்கே பிரஸ்தாபிப்பதாக இல்லை. பிரஸ்தாபித்தால் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்னும் ஐந்து கல்வி வலயங்களிலிருந்தும் ஐவர் புறப்பட்டு, தம்மைத்தான் எழுதினேன் என்று என்மீது மானநஷ்ட வழக்குத் தொடுப்பார்கள்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த செய்தியை வடமொழியாளர் காகதாலீய நியாயம் என்பர். பனங்கூடல்களின் நடுவே பிறந்து வளர்ந்த நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று: பழம் விழுந்த பிறகு எந்தக் காகமும் வீடு வீடாகப் பறந்துசென்று, தான் இருந்ததனால்தான் அது விழுந்தது என்று சொல்லித் தேத்தண்ணீர் கேட்டதாக நான் அறியேன். அவ்வளவில் அது நம்மவரினும் கண்ணியமான பிராணி.

கல்வியியற் கல்லூரியிலே இரண்டு வருஷம் படித்து, மூன்றாம் வருஷம் கட்டுறு பயிற்சியும் முடித்து வெளிவருகின்ற பிள்ளைக்கு நியமனம் வருவது, ஆடி போனால் ஆவணி வருவதைப் போன்றதொரு காரியமாயினும், அந்த ஆவணியையும் அமைச்சரிடம் சொல்லி வரவழைத்தவர் தாமே என்பது அவருடைய சித்தாந்தம். அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு இரவிரவாகப் படித்துத் தேறியவர், வினாத்தாளுக்கு விடை எழுதியது தாமென்று நினைத்துக்கொண்டிருக்கலாம், "எழுதினது நீங்கள்தான், இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனால் எழுதினவை எல்லாரும் வந்தவையே?" என்று அவர் ஒரு வினா விடுப்பார், அதற்கு விடை எந்தப் பாடவிதானத்திலும் இல்லை. அநியாயமாய்ப் பதவி மறுக்கப்பட்ட ஓர் அதிபர், நீதிமன்றத்தின் படியேறி வழக்காடி வென்று வந்தபோது, இனியாவது இவர் வாயடைத்திருப்பார் என்று நான் நம்பியதுண்டு. நீதிபதியிடம் சொன்னேன் என்று சொல்லுமளவுக்கு அவருக்குத் துணிவு இல்லை. "அப்பீல் பண்ணாமல் விடச்சொல்லி மேலிடத்திலை சொன்னது ஆர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயிலிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கடமையேற்பு வைபவத்திலே மாலை போட்டவர் வரிசையில் இவர் இரண்டாமவர், புகைப்படத்தில் முதலாமவர்.

காரியம் கைகூடாவிட்டாலோ, "மேலை ஒரு கை தடுத்துப்போட்டுது, மாஸ்டர்" என்பார். அந்தக் கை யாருடையது என்று கேட்கலாகாது. கேட்டால் சட்டைப்பையிலிருக்கும் கடிதத்தைக் காற்பங்கு வெளியே இழுப்பார். அரச இலச்சினையின் ஓரமும் "கௌரவ" என்ற சொல்லும் நமக்குத் தரிசனமாகும். உடனே கடிதம் உள்ளே போய்விடும். முழுக் கடிதத்தையும் கண்டவர் இதுவரை எவருமில்லை. தோற்றவர் அடுத்த தவணைக்கும் அவரிடமே போகிறார் என்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் அதிசயம்.

இவருடைய வம்சம் பழையது. பாட்டனார் காலத்திலே பாடசாலைகள் மிஷனாருக்கும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்கும், ஊர்ப் பிரபுக்களுக்கும் உரியனவாயிருந்தபடியால், வாத்தியார் வேலைக்கு மனேஜரின் கையெழுத்தே மோக்ஷ சாதனம். பாட்டனார் மனேஜர் வீட்டு விறாந்தையில் வாழைக்குலையோடு உட்கார்ந்திருந்து ஊர்ப்பிள்ளைகளை ஈடேற்றினார். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்து உதவி நன்கொடை பெறும் பள்ளிகளை அரசாங்கம் கையேற்றபோது, மனேஜர் தொல்லை ஒழிந்ததென்று ஆசிரியர் பலர் ஆனந்தித்தார்கள். பாட்டனாரின் புதல்வரோ குலையைத் தூக்கிக்கொண்டு வேறு விறாந்தைக்குப் போனார், அவ்வளவே. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு பகிரங்க சேவை ஆணைக்குழுவையே அகற்றி நியமன அதிகாரத்தை மந்திரிசபையின் கையில் வைத்தபோது, எம்.பி.மாரும் ஆளுங்கட்சி அமைப்பாளர்மாரும் எழுதிக்கொடுத்த துண்டுகள் உத்தியோக உலகிலே நாணயமாய் வழங்கின. 1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் தொழில் வங்கி என்று ஒன்றைத் திறந்து, எம்.பி. ஒருவருக்கு ஆயிரம் படிவம் என்று பகிர்ந்தது. வைப்பு வாக்காகவும் வட்டி விசுவாசமாகவும் நடந்த வங்கி அது.

பின்னர் 1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபை என்றார்கள். வடக்கிலே 2013இல்தான் முதன்முதலாகத் தேர்தல் கண்ட சபை, 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிய, ஆளுநரின் காலமாயிற்று. தேசிய பாடசாலை கொழும்புக்கு, ஏனைய பாடசாலை மாகாணத்துக்கு என்ற பிரிவினையால் நம்மவருக்கு விறாந்தை இரண்டாயிற்று. ஆணைக்குழுக்களின் சுயாதீனத்தை 2001இல் 17ஆவது திருத்தம் கொடுத்தது. 2010இல் 18ஆவது பறித்தது. 2015இல் 19ஆவது மீண்டும் கொடுத்தது. 2020இல் 20ஆவது மீண்டும் பறித்தது. 2022இல் 21ஆவது மறுபடியும் கொடுத்தது. இத்தனை திருத்தங்களுக்கும் நடுவே ஒரு திருத்தமும் இன்றி விளங்குபவர் இவர் ஒருவரே.

இவ்வளவு சிரித்து எழுதுகிற நான் ஒருமுறை சிரிக்கவில்லை. என் மகள் போட்டிப் பரீட்சைக்கு ஏழு மாதம் படித்தாள். விடியப்புறம் நான்கு மணிக்கு அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவன் நான். பெறுபேறு வந்த அன்று, வழக்கம்போலப் படலையடியில் அந்தக் குரல் கேட்டது. என் மனைவி, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்று வரவேற்று, எங்கள் வளவிலே நான் தண்ணீர் இறைத்து வளர்த்த கதலிக் குலையை வெட்டுவித்து அவருடைய ஸ்கூட்டரில் கட்டுவித்தாள். "எனக்கொண்டும் வேண்டாம். உங்கடை பிள்ளை, என்ரை பிள்ளை மாதிரி" என்று சொல்லிக்கொண்டே கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார் அவர். அன்றிரவு மகள் என்னிடம் வந்து, "அப்பா, உண்மையாய் அவர் சொல்லித்தானோ எனக்குக் கிடைச்சது?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் காசு வாங்குவதில்லை என்று ஊரார் மெச்சுகிறார்கள். அந்த ஏழு மாதத்தையும் அவர் கொண்டுபோனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடிதங்கள் மெய்யாகவே பலிப்பதும் உண்டு. அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தீவுப்பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் பெற்ற கணித ஆசிரியர் ஒருவர், குறிகட்டுவான் இறங்குதுறையைக் கண்ணாலும் காணாமல், ஒரு கடிதத்தின் மகிமையால் பட்டினத்துப் பாடசாலை ஒன்றிலே 'இணைப்பு' என்ற பெயரில் நான்காவது கணித ஆசிரியராய் அமர்ந்தார். அந்தத் தீவுப் பிள்ளைகள் அவ்வருஷம் கணிதத்தைச் சமய பாட ஆசிரியையிடம் படித்தார்கள். அந்த அம்மையாரும் தம்மாலியன்றதைச் செய்தார். இதில் எனக்கு நகைச்சுவை ஒன்றும் தோன்றவில்லை.

ஆயினும் 2017ஆம் ஆண்டு வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே மாதக்கணக்காகப் பந்தலிட்டு உட்கார்ந்திருந்தார்களே, அப்போது ஒருநாள் அவ்வழியே சென்ற நான், நம்மவர் ஒரு சோற்றுப் பார்சலோடு பந்தலின் பின்புறமாய் நிற்பதைக் கண்டேன். உள்ளேயிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டு போனான். மூக்கும் நெற்றியும் அவருடையவை. என்னைக் கண்டதும் அவர் தலைக்கவசத்தை அணிந்துகொண்டார். "என்ரை பிள்ளைக்கு நான் வாய் திறக்கக் கூடாது, மாஸ்டர், ஆக்கள் கதைப்பினம்" என்றார். சட்டைப்பையில் அன்று கடிதம் இருக்கவில்லை.

சில காலம் கழிந்து, வேறு அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்த நான், புதிதாய் ஒட்டிய பட்டியலிலே அந்தப் பையனின் பெயரைப் பார்த்தேன். என்ன நினைத்தேனோ தெரியாது, என் அலுவலை விட்டுவிட்டு, வெய்யிலில் சைக்கிளை மிதித்து, அவருடைய படலையடியில் நின்று, "அண்ணை, பிள்ளையின்ரை விஷயம் முடிஞ்சுது!" என்று கூவினேன். ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர் சொல்லி, மாஸ்டர்?" என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை, பட்டியலில் வந்தது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எல்லாம் விளங்கிக்கொண்டவர்போலத் தலையசைத்து, வளவுக்குள்ளே போய், ஒரு கதலிக் குலையோடு வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அதை என் சைக்கிளின் பின்னே கட்டினார். போன கிழமை முன்பின் அறியாத இருவர், கோப்பும் கையுமாய் என் வீட்டு விறாந்தையில் வந்து காத்திருந்தார்கள்.