மூன்று முடிச்சுக்கு அடங்காத கயிறு

சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டி, எதிரே உள்ள மரத்தையோ பாறையையோ பற்றிக்கொண்டு தன்னைத் தானே இழுத்து மேலேறும் பொருட்டு அதன் முன்பம்பரில் பொருத்தப்படும் மின்சார இழுவைப் பொறியை வின்ச் என்பர். அப்பொறியின் டிரம்மில், அதாவது சுழலும் உருளையில், சுற்றிக் கிடக்கும் கயிறே இக்கட்டுரையின் பொருள். வின்ச் வாங்கப் புறப்படுவோர் மோட்டாரின் திறனை ஆராய்வர், கியரின் விகிதத்தை ஆராய்வர், ரிமோட்டுக்கு வயர் உண்டா இல்லையா என்பதையும் விடாமல் ஆராய்வர். கயிறு என்று வந்ததும் மட்டும் அவ்வளவு ஆராய்ச்சியும் அடங்கிப்போய், புடவைக் கடையில் அமர்ந்தவரைப் போல, இதே தரத்தில் வேறு கலர் உண்டா என்று கேட்பர். நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று பல நிறங்களில் கிடைக்கும் இக்கயிற்றின் இழை பிறப்பால் வெள்ளை என்பதும், அது எளிதில் சாயம் ஏற்காது என்பதும், கண்ணைப் பறிக்கும் அந்நிறம் மேலே தடவிய பூச்சே என்பதும் அவருக்குத் தெரியவருவது, ஆரஞ்சு நிறம் கயிற்றை விட்டுக் கையுறைக்கும் சட்டைக்கும் குடியேறிய பிறகுதான்.

மனிதர் ஆதியில் நார்க்கயிற்றால்தான் எதையும் இழுத்தனர். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் 1834-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிக் காட்டியபின், பாரம் தூக்கும் தொழில்களெல்லாம் நாரைக் கைவிட்டு இரும்புக்கு மாறின. பின்னர் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகியோர் 1979-இல், மிக நீண்ட மூலக்கூறுகளையுடைய பாலிஎத்திலீனைக் கூழாகக் கரைத்து இழையாக நூற்று நீட்டும் முறையைக் கண்டனர். டைனீமா என்ற வணிகப் பெயரில் அவ்விழை சந்தைக்கு வந்ததும், ஒன்றரை நூற்றாண்டு இரும்பைத் தூக்கிச் சுமந்தவர்கள் பழையபடி நாருக்கே திரும்பினர். இந்தப் பாலிஎத்திலீன், காய்கறிக் கடையில் தரப்பட்ட மெல்லிய பையின் நெருங்கிய உறவினர். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தப் பைக்குத் தடை விதித்த தமிழ்நாட்டில், அதன் பங்காளியைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வண்டியின் முகப்பில் ஏற்றி வைப்பதற்கு எத்தடையும் இல்லை.

பெருமைப்பட அதில் விஷயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பத்து மில்லிமீட்டர் தடிமனும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள இரும்பு வடம் பதினொன்று, பன்னிரண்டு கிலோ எடை இருக்க, அதே அளவுள்ள செயற்கைக் கயிறு இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும், நீரில் மிதக்கும், துருப்பிடிக்காது, பழைய வடத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிமுனைகள் தோல் கையுறையையும் துளைத்து உள்ளங்கையில் ஏறுவதைப் போன்ற கொடுமை எதையும் செய்யாது. முதன்முதலாக அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் பட்டறைக்காரர், "சார், இதுல துணி காயப் போடலாம், வண்டி இழுக்குமா?" என்று கேட்பது வழக்கமெனினும், நல்ல ஆலையில் பின்னிய பத்து மில்லிமீட்டர் கயிறு எட்டு டன்னுக்கு மேல் தாங்கும், அதே தடிமன் கொண்ட சாதாரண இரும்பு வடம் ஏழு டன்னுக்குள் கைவிரித்துவிடும். அறுந்தாலும், எடை குறைவாகையால் அது அரிவாள் வீச்சில் பறந்து வராது. ஆனால் அதன் நுனியில் தொங்கும் இரும்புக் கொக்கிக்கு இந்தச் சாந்த குணம் கிடையாது என்பதால், கயிற்றின் மேல் கனமான விரிப்பொன்றைப் போட்டு, ஆட்களை அப்பால் நிறுத்தும் பழைய கட்டுப்பாடு அப்படியே தொடரவேண்டும்.

தேர்வு செய்வோர் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஒரு வண்டி மற்றொரு வண்டியை வேகமெடுத்துச் சுண்டி இழுக்கப் பயன்படும் நைலான் கயிறு வேறு. அது இழுபட்டு நீண்டு பின் சுருங்குவதையே தொழிலாகக் கொண்டது. வின்ச் கயிறோ நீளவே கூடாது. இரண்டும் ஒரே கடையில் ஒரே ஆணியில் தொங்குவதால், ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கி வருவோர் உண்டு. அடுத்ததாக, உறையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட பலம் எந்தப் பலம் என்று கேட்டறிய வேண்டும். சராசரியாக அறும் பலத்தைப் பெரிதாகவும், உறுதியாகத் தாங்கும் குறைந்தபட்சப் பலத்தைச் சிறிதாகவும் அச்சிடுவது வணிகர் மரபு. 9500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4300 கிலோ இழுக்கும் வின்ச்சுக்கு, குறைந்தபட்ச பலம் அதன் இருமடங்கை ஒட்டி இருப்பது நன்று. அதற்கும் மேலே தடிமன் தேடுவது வீண், ஏனெனில் டிரம்மின் கொள்ளளவு மாறாததால் கயிறு தடிக்கத் தடிக்க நீளம் குறைந்துபோகும்; மரமோ எப்போதும் கயிற்றின் நீளத்தைவிட இரண்டு மீட்டர் தள்ளியே நிற்கும்.

இனி, கயிற்றின் உண்மையான எதிரிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்கயிறு இழுபட்டு அறுவது அரிது. அது படும் இடத்தாலேயே அறுகிறது. வின்ச்சுக்கு முன்னால் கயிறு வெளியேறும் வாயை ஃபேர்லீட் என்பர். இரும்பு வடத்துக்கு நான்கு உருளைகள் கொண்ட சட்டமும், செயற்கைக் கயிற்றுக்கு உதடு மழுங்கிய அலுமினிய வளையமும் பொருத்துவது முறை. ஆண்டுக்கணக்கில் வடம் அரைத்த உருளைகளில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் எழும்பி நிற்கும். உருளைகள் கூடும் மூலைகளில் மெல்லிய கயிறு புகுந்து நசுங்கவும் இடமுண்டு. கயிற்றுக்குப் பெருந்தொகை கொடுத்தவர், "ரோலர் நல்லாத்தானே இருக்கு அண்ணே, அது இருக்கட்டும்" என்று சிக்கனம் பேசுவது இந்த இடத்தில்தான். விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பாக இருக்கிறது என்று அவர் அளிக்கும் சான்றிதழும் செல்லாது. சிறு பஞ்சுத் துண்டொன்றை உருளையின் மீதும், டிரம்மின் உட்பரப்பிலும், அதன் இரு பக்கத் தட்டுகளின் விளிம்பிலும் மெல்ல இழுத்துப் பார்த்தால், பிசிறுள்ள இடத்தில் நூலிழை சிக்கி வெள்ளையாக நிற்கும். அவ்விடங்களை அரத்தால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சு எங்கும் சிக்காத நிலை வரும்வரை வேலை முடிந்ததாகாது.

பொருத்தும்போது கயிறு டிரம்மின் அடிப்பக்கமாகச் செல்லவேண்டுமா, மேற்பக்கமாகவா என்பதை வின்ச்சின் கையேட்டில் பார்த்தே தொடங்கவேண்டும். மாற்றிச் சுற்றினால் ரிமோட்டில் உள்ளே என்ற பொத்தானை அழுத்தக் கயிறு வெளியே போகும்; அதனினும் பெரிய கேடு, பல வின்ச்சுகளின் பிரேக் ஒரு திசையில் மட்டுமே பாரத்தைப் பிடிக்கும் என்பதால், சரிவில் தொங்கும் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது. அந்தப் பிரேக்கும் பெரும்பாலான வின்ச்சுகளில் டிரம்மின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு கயிற்றை விட்டு வண்டியைக் கீழே இறக்கும்போது அது சூடேற, டிரம்மும் சூடேறும். ஏறத்தாழ 145 பாகை செல்சியஸில் உருகும் இவ்விழை, 70 பாகையைத் தாண்டும்போதே பலம் இழக்கத் தொடங்கிவிடும். எனவேதான் முதல் அடுக்கின் மேல் வெப்பம் தாங்கும் உறை போடுகின்றனர். வார்ன் நிறுவனம் 1974-இல் வெளியிட்ட 8274 என்ற வின்ச்சை இன்றும் தேடிப் பிடித்து வாங்குவோர் இருப்பதற்கு, அதன் பிரேக் டிரம்முக்கு வெளியே இருப்பதும் ஒரு காரணம்.

கயிற்றின் நுனியை டிரம்மில் பிடித்திருக்கும் சிறு திருகாணி வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டதன்று. டிரம்மைச் சுற்றிக் கிடக்கும் சுற்றுகளின் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. இக்கயிறு வழுக்கும் இயல்பினதாகையால் எட்டுப் பத்துச் சுற்றுகளாவது எப்போதும் டிரம்மிலேயே இருக்கவேண்டும். அச்சுற்றுகள் இறுக்கமாகவும் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், மகன் ரிமோட்டை அழுத்த, தந்தை இரு விரலால் கயிற்றைப் பிடித்து அழகு பார்த்துச் சுற்றும் சுற்று தளர்ந்த சுற்று. முதல் முறை பாரம் ஏறியதும் மேலடுக்குக் கயிறு கீழடுக்குக்குள் ஆப்பாகப் புகுந்து இறுகிவிடும், பிறகு அதை வெளியே எடுக்கச் சேற்றின் நடுவே ஒரு கருத்தரங்கமே கூடும். மெல்லிய ஏற்றமுள்ள இடத்தில் மரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி, கயிற்றை அதில் மாட்டி, கைப்பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வரும்படி சுற்றுவதே முறையான பொருத்தல்.

முடிச்சைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மூன்று முடிச்சில் ஒரு குடும்பத்தையே கட்டி நிறுத்தும் மரபில் வந்தவர்க்கு, எட்டு டன் தாங்கும் கயிறு முடிச்சுப் போட்டால் வழுக்கி அவிழும், அவிழாவிட்டால் பாதிப் பலத்தில் அறும் என்பது அவமானமாகவே படும். பன்னிரண்டு புரிகளை உள்ளே வெற்றிடம் வைத்துப் பின்னியிருப்பதால், நுனியை அக்கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செலுத்திக் கண்ணியாக்குவதே இதற்குரிய இணைப்பு. இதை ஸ்ப்ளைஸ் என்பர். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்ளே உள்ள வாலை இறுக்கிப் பிடிக்கும். சில ஆலைகள் வாலின் நீளம் விட்டத்தைப்போல் 72 மடங்கு இருக்கவேண்டும் என்கின்றன, அதாவது பத்து மில்லிமீட்டர் கயிற்றுக்கு 72 சென்டிமீட்டர். இதற்கென ஊசி விற்கிறார்கள்; மை தீர்ந்த பேனாவின் கூடும் அவ்வேலையைச் செய்யும்.

சேறு கண்ட கயிற்றைக் கழுவவும் வேண்டும், ஏனெனில் பின்னலுக்குள் புகுந்த மணல் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவி அறியாதவர் முப்பது மீட்டர் கயிற்றை வாளியில் அலசி நிழலில் உலர்த்தும் காட்சியைக் கண்டு வீட்டார் பேசுவது அவரவர் வீட்டு விவகாரம். நிழல் என்பதை மட்டும் வலியுறுத்தவேண்டும். வெயிலும் இவ்விழைக்குப் பகை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளில் பெரும்பாலானவை வின்ச் இல்லாமலேயே போய் வருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் காப்பிக் கடை வாசல்களில் நிற்கும் வண்டிகளிலோ வின்ச் வெயிலில் மின்னுகிறது. இரண்டாம் வகை வண்டிக்கு இரும்பு வடமே போதும். அது வெயிலுக்கு அஞ்சாது, குளிப்பாட்டச் சொல்லாது. மழைக்காலத்தில் மெய்யாகவே சேற்றில் இறங்குவோர் செயற்கைக் கயிற்றை வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் புதிய அலுமினிய ஃபேர்லீடுக்கும் டிரம்மின் உறைக்கும் சேர்த்துப் பணம் தேறாவிட்டால், தேறும்வரை கயிற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.