காப்புப் பிரதி லட்சணம்: சேர்வராயன் மலைக் காண்டம்

புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் எவ்வேட்டிலும் அகப்படாமற் போனதைத் தமிழ் கற்றோர் துக்கத்தோடு சொல்வதுண்டு. ஆயினும் அத்துக்கத்திலிருந்து ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அதனைப் பிரயோகிக்கும் முயற்சி, நாமறிந்தவரை, இதுவே முதலாவதாகும்.

1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் ஒரு பிரதியின் பிழையை மற்றொரு பிரதியால் திருத்த முடிந்தது, ஏடுகளெல்லாம் ஒரே பெட்டியில் அடங்காமல் பல ஊர்ப் பரண்களில் சிதறிக் கிடந்த பாக்கியத்தாலேயாம். நம் காலத்தில் பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், மூன்று பிரதி வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றேனும் வெளியிடத்தில் வாழ வேண்டும் என்று 3-2-1 சூத்திரம் வகுத்தபோது, பரண்களின் இந்தத் தத்துவத்தையே எண்ணிட்டுச் சொன்னார் என்பது எம் துணிபு.

இனிப் பூர்வபக்ஷம். மலையிலே மூன்று மதத்தார் உளர். சி டிரைவில் உள்ளதை டி டிரைவில் நகலெடுத்து நிம்மதியாக உறங்குவோர் முதல் மதத்தார். இரண்டு டிரைவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு கூறுகள் என்பதை அவரிடம் சொல்லத் துணிந்தவர் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்கிய நாள் தொட்டுக் கழற்றாமலே செருகி வைத்திருப்போர் இரண்டாமவர். 2017இல் உலகை உலுக்கிய வான்னாகிரை போன்ற கப்பம் கேட்கும் வைரஸ், செருகிக் கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பது இவர்களுக்குரிய கண்டனம். கூகுள் டிரைவே போதும் என்பார் மூன்றாமவர். ஆனால் கம்ப்யூட்டரோடு ஒத்திசைந்து கிடக்கும் கோப்பை ரைட்டர் என்னும் தோட்டத்துக் குமாஸ்தா இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அது அழியும். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க 30 நாள் அவகாசம் உண்டெனினும், செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஒரு மாதம் காணவில்லை என்பது நம்மவருக்குப் பெரும்பாலும் வருஷ முடிவில், ஆடிட்டர் வாயிலாகவே தெரியவரும்.

பிரதேச விசேஷங்களையும் கருத வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரத்து மூடுபனி, ஜன்னலைச் சாத்தினாலும் காகிதத்தை நமுக்கச் செய்வது; ஹார்ட் டிஸ்க்கோவெனில், மூச்சுவிடுவதற்கென்றே சிறு துவாரம் உடையது. ஆகவே அதனைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இடுக. கோடை மழையின் இடிக்கு யூபிஎஸ் ஓரளவே அரண். ஒயரைப் பிடுங்கி வைப்பதே பூரண அரண். குரங்குகளைப் பற்றித் தனி நூல் எழுதவேண்டியிருப்பதால் இங்கு விடுத்தோம்.

சித்தாந்தம் வருமாறு: சில ஆயிரம் ரூபாயில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் வாங்கி, கடவுச்சொல்லால் பூட்டி, ஒன்று மலைமேலும் மற்றொன்று சேலத்திலுமாக வாரந்தோறும் இடம் மாற்றுக, டேலி என்னும் கணக்கு மென்பொருளின் அன்றாட பேக்கப்பை பென் டிரைவில் எடுத்துக் கழற்றிவிடுக. தோட்டம் கம்பெனியாகப் பதிவாகியிருப்பின், 2022ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி, கணக்கின் பிரதி இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் இருந்தாக வேண்டும். அதற்கு டிஸ்க் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பார்ப்பதும் விதியே. இதைச் செய்வார் அரியர்.

சேலத்துக்கு அனுப்புவது அவசியமா எனின், பூர்வ பிரமாணம் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும், பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவருமான ராபர்ட் புரூஸ் ஃபூட், தாம் ஆயுளெல்லாம் சேர்த்த கற்களை 1904இல் சென்னை மியூசியத்திற்கு விலைக்குக் கொடுத்துவிட்டார். எதற்கும் கரையாத கல்லே மலையிறங்கியதாயின், டேலி இறங்குவதில் என்ன இழுக்கு?

எஞ்சியிருப்பது ஒரே விவாதம். சனிக்கிழமைதோறும் ரைட்டர் டிஸ்க்கைப் பையிலிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு ஏகும் பஸ் கட்டணத்தைப் பிரயாணச் செலவில் எழுதுவதா, தபால் செலவில் எழுதுவதா என்பதில் கணக்கப்பிள்ளைக்கும் ஆடிட்டருக்கும் அபிப்பிராய பேதம் நீடிக்கிறது. தீர்ப்பு வருமளவும் அது இதரச் செலவில் ஏறி வருகிறது.