மனமகிழ் மன்றத்துக்கு ஒரு மானியம்

சூதாட்டத்துக்கு அடிமையானவர்களுக்கு வைத்தியம் செய்ய அரசு மானியம் வேண்டுமென்றால், பதிவு பெற்ற சங்கம் வேண்டும், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு வேண்டும், துறையில் அனுபவம் வேண்டும். திருச்செங்கோடு பக்கத்தில் எங்கள் ஊரில் இத்தனையும் ஒருங்கே உள்ள ஒரே அமைப்பு, அடியேன் செயலாளராக இருக்கும் மனமகிழ் மன்றம்தான். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. விதிமுறையில் எழுதியிருப்பது நூலகம், கேரம், யோகா. நடப்பது ரம்மி. அனுபவத்துக்கு என்ன குறைச்சல்?

"ஏனுங்க, கள்ளுக்கடைக்காரரே குடிக்கு வைத்தியம் பார்க்கற மாதிரியல்ல இருக்குது!" என்றாள் வீட்டுக்காரி. செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டதை எடுத்துரைத்தேன். "சரிங்க, அந்தத் திறமைய வெச்சு ஊட்டுக்கு என்ன கொண்டாந்தீங்க?" உச்ச நீதிமன்றத்துக்கு மேலும் ஒரு கோர்ட்டு உண்டு, அது எங்கள் அடுப்படியில் கூடுகிறது.

ஆனால் தேவை நிஜமானது. 2003-இல் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்தபின், சீட்டு மெலிந்து துண்டுத்தாளாயிற்று. கேரள லாட்டரிக் குலுக்கலில் விழும் கடைசி மூன்று நம்பருக்குப் பந்தயம் கட்டினால், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது தாளும் போய் வாட்ஸ்அப். பள்ளிபாளையம், குமாரபாளையத் தறிக்காரர் வாங்கிய வாரக் கூலி, மதியம் மூன்று மணிக் குலுக்கலில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வெளிமாநிலம் போன பையன்கள் இரவெல்லாம் போனில் ரம்மி ஆடினார்கள். 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க மாநிலச் சட்டம் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விடுவித்தது. 2025-இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்கு ஊரடங்கு போட்டார்கள். அந்த ஆகஸ்டில் மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. ஆப்பு போனது. கடனும் கை அரிப்பும் ஊரிலேயே இருக்கின்றன.

மானியத் திட்டம் என்று தேடினால் கிடைப்பது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைப்பொருள் தேவைக் குறைப்புத் திட்டம். மறுவாழ்வு மையம், படுக்கை, பகுதிநேர டாக்டர், நர்ஸ், கவுன்சிலர், யோகா ஆசிரியர் என்று கணக்கு. சூதாடிக்குப் படுக்கை எதற்கு? அவன் படுத்துக்கொண்டுதான் ஆடினான்! போனைப் பிடுங்கி வைக்கப் பூட்டுள்ள ஒரு பீரோ போதும். பீரோவுக்கு நிதி இனம் இல்லை. அதே பழக்கத்திலிருந்து மீண்டவர் ஒருவரையும் பணியில் வைக்கலாம் என்று படித்ததும், அந்த இடத்துக்கு என் பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்க எப்ப மீண்டீங்க?"

அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் புரட்டிய எழுத்தர், "எந்தப் போதைனு சொல்லலீங்களே" என்றார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டத்தைக் குடி, கஞ்சாவோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாராயம்னு போட்டுக் கொண்டாங்க. உங்க மன்றத்துல பாரும் இருக்குதுங்களே, பொருந்தும்" என்றார்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், ஆன்லைன் ஆட்டத்தில் கட்டிய பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வாங்கினார்கள். ஜெயித்தால் 30 சதவீத வருமான வரி தனி. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் சூதாட்ட நிறுவனங்களிடம் கட்டாயத் தீர்வை வாங்கி, அதில் பாதியை வைத்தியத்துக்கே கொடுக்கிறார்கள். இங்கே வரி வாங்கும்போது அது சூதாட்டம் என்று தெரிந்தது. வைத்தியம் என்றதும் 'எந்தப் போதை?' என்று கேட்கிறது.

மன்றம் கூடி, முயற்சியை ஒத்திவைத்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் முடிந்ததும் சீட்டுக்கட்டு வந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இதில் சிக்கியிருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சேலம், நாமக்கல் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. எங்கள் மன்றத்துக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.